போயா நாளில் திறக்கும் கூடம்

என் மகளுக்குக் காது கேளாது என்பதை எங்கள் வீட்டில் முதலில் காட்டித் தந்தது சூறாவளிதான். கிழக்குக் கரை முழுவதையும் புரட்டிப் போட்ட அந்தக் காற்று அடித்தபோது அவளுக்கு எட்டு மாதம். சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு ஓடுகள் ஒவ்வொன்றாகப் பறந்தன. முற்றத்துத் தென்னை முறிந்து கிணற்றுக் கட்டின்மேல் விழுந்தது. வீட்டிலிருந்த பிள்ளைகள் எல்லாம் வீரிட்டு அழுதார்கள். நான் அவளை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் குந்தியிருந்தேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். கூரைமரம் பிளந்தபோதுகூட இமை அசையவில்லை.

"பாக்கியமான புள்ள. மலக்குமார் அவட காதப் பொத்தியிருக்காங்க" என்றார் என் உம்மா. மறுநாள் ஊருக்குள் எல்லோரும் அந்த வானவர் கதையையே சொன்னார்கள். எனக்கு மட்டும் பயம் பிடித்தது. ஒரு வாரம் கழித்து, அவள் அந்தப் பக்கம் பார்த்து விளையாடிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்று சருவச்சட்டியைச் சிமெந்து நிலத்தில் போட்டேன். அவள் திரும்பவில்லை. இன்னொரு தடவை போட்டேன். பிறகு போடவில்லை.

வைத்தியர்கள் சொன்னதும் அதைத்தான். பிறப்பிலேயே வந்தது, மருந்து இல்லை.

அவளுக்கு மூன்று வயது நடக்கும்போது என் கணவர் சவூதிக்குப் போனார். லொறி ஓட்டும் வேலை. இரண்டு வருசத்துக்கு ஒருமுறைதான் லீவு என்று சொல்லிப் போனவர், முதல் லீவையும் விட்டுவிட்டு இன்னும் இரண்டு வருசத்துக்கு ஒப்பந்தம் எழுதிவிட்டார். கடிதம் எழுத அவருக்குக் கை வராது. கசெட்டில் பேசி அனுப்புவார். லீவில் வருகிற ஊர்க்காரர் யாருடைய கையிலாவது அது வந்து சேரும். வந்த அன்று பின்னேரம் வீட்டில் எல்லோரும் பாயில் வட்டமாக இருந்து கேட்போம். முதலில் உம்மாவுக்கு சலாம். பிறகு என் தம்பிமாருக்குப் புத்தி. பிறகு எனக்கு. எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று தெரிந்து அளந்து பேசிய சொற்கள்: "புள்ள, உடம்பப் பாத்துக்க." அவ்வளவுதான். வீடு அடங்கிய மத்தியான வேளைகளில் அந்த மூன்று சொல்லையும் நான் தனியாகப் போட்டுப் போட்டுக் கேட்பேன். சொல்லுக்கு முன்னால் அவர் மூச்சு இழுப்பது கேட்கும். அதற்காகவும் கேட்பேன்.

கசெட்டின் கடைசியில் மகளுக்கு. "மகள், வாப்பா கதைக்கன் மகள். கேக்குதா? உம்மாட சொல்லுக் கேட்டு நடக்கணும், என்ன?" என்று தொடங்கி, அங்கே பாலைவனத்தில் ஒட்டகம் வீதியில் குறுக்கே நிற்பது, லொறிக்குள் பூனை குட்டி போட்டது என்று நீளமாகச் சொல்லுவார். அவருக்குத் தெரியும். வைத்தியரிடம் அவளைத் தூக்கிக்கொண்டு போனதே அவர்தான். தெரிந்தும் அப்படித்தான் பேசினார். அந்த நேரம் அவள் பாயின் ஓரத்தில் இருந்து எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பாள். நாங்கள் சிரித்தால் கொஞ்சம் பிந்திச் சிரிப்பாள். உம்மா அழுதால் எழும்பிப் போய் அவர் கண்ணைத் துடைத்துவிடுவாள். எதற்காக அழுகிறார் என்று அவளுக்குத் தெரியாது.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்று மாதம் இருத்திப் பார்த்தேன். வாங்குப் பலகையில் இருந்து மற்றப் பிள்ளைகளின் வாய் அசைவதைப் பார்த்துவிட்டு வந்தாள். நானே நிறுத்திவிட்டேன்.

அந்தக் காலத்தில்தான் கல்முனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் போயா நாட்களில் ஒரு கூடம் திறக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து சொன்னார்கள். போயா என்றால் முழுநிலவு வருகிற பூரணை நாள், மாதத்துக்கொரு விடுமுறை. பள்ளிக்கூடம் வெறிச்சென்று கிடக்கும். சூறாவளிக்குப் பிறகு புதிதாகக் கூரை போட்ட ஒரு நீளக் கட்டடத்தில், பாண்டிருப்பைச் சேர்ந்த ஒரு விஞ்ஞான டீச்சரும், மருதமுனையில் ரேடியோ திருத்துகிற ஒருவரும் சேர்ந்து மேசைகளில் சாமான்களைப் பரப்பி வைப்பார்களாம். எந்த ஊர்ப் பிள்ளையும் போகலாமாம். எதையும் தொடலாமாம், கழற்றலாமாம், யாரும் ஏசமாட்டார்களாம்.

'யாரும் ஏசமாட்டார்கள்' என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் போனேன். விஞ்ஞானத்துக்காக அல்ல.

டீச்சருக்கு என் வயதுதான் இருக்கும். கலியாணம் ஆகாதவர். பருத்திச் சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் இருந்து எதையோ ஒட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பி வந்து மகளின் பெயரைக் கேட்டார். சொன்னேன்.

"காது கேளா டீச்சர். கதைக்கவும் மாட்டா. ஒரு ஓரமா இரிக்கட்டும், கரச்சல் தரமாட்டா" என்றேன்.

"என்னத்துக்கு ஓரத்தில? இஞ்ச நான் ஒண்டும் சொல்லிக் குடுக்கிறல்ல. அவங்களே தொட்டுப் பாக்கிறதுதான். உள்ள விடுங்க."

அந்த மாதம் காந்தம். தகர மேசைகளில் எங்கள் கடற்கரை மணலைப் பரப்பியிருந்தார்கள். பிள்ளைகள் கையில் கிடைத்த காந்தத்தை மணலில் உருட்ட, கறுப்புத் தூள் மயிர் முளைத்த மாதிரி அதில் ஒட்டிக்கொண்டு வந்தது. தினமும் மிதித்து நடக்கிற மணலுக்குள் இப்படியொன்று கிடப்பது எனக்கும் அன்றுதான் தெரியும். இன்னொரு மேசையில் கடுதாசியின் மேல் கிடந்த கறுப்புத் தூள் தானாக எழும்பி நின்று நடந்தது. பிள்ளைகள் சுற்றி நின்று "எப்படி டீச்சர், எப்படி?" என்று கத்தினார்கள். டீச்சர் வாய் திறக்கவில்லை. என் மகள் கேள்வி கேட்கத் தெரியாதவள். ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து மேசைக்கு அடியில் ஊர்ந்து போனாள். அங்கே ரேடியோக்காரர் பலகைக்குக் கீழே காந்தத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டு குந்தியிருந்தார்.

"கீழ போய்ப் பாத்த முதல் ஆள் இவதான்" என்றார் டீச்சர் என்னைப் பார்த்து. ஆறு வயதுவரை என் மகளை யாரும் எதிலும் முதல் ஆள் என்று சொன்னதில்லை.

மறுநாள் காலையில் எழும்பி, அதே சட்டையைத் தானாகவே போட்டுக்கொண்டு வேலிக் கடப்படி வாசலில் போய் நின்றாள். நான் இல்லை என்று கையை விரித்தேன். அழுதாள். அடுத்த நாளும் நின்றாள். அதற்கடுத்த நாளும். 'அடுத்த மாதம்' என்பதை அவளுக்குச் சொல்ல எனக்கு வழி இருக்கவில்லை. பேசத் தெரிந்த பிள்ளைக்குக் காத்திரு என்று சொன்னால் போதும். அவளுக்கு இன்று இல்லை என்றால் இனி எப்போதுமே இல்லை என்றுதான் அர்த்தம்.

அடுத்த போயா முடிந்து திரும்பி வந்த பின்னேரம் அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். சூரியன் மறைந்த மஃரிப் நேரம் கடலுக்கு மேலே நிலவு முழுசாக எழும்பியது. நிலவைக் காட்டினேன். கல்முனைப் பக்கம் காட்டினேன். இரண்டு கையாலும் வட்டம் போட்டேன். அடுத்தடுத்த நாட்களில் நிலவு தேயத் தேய வெளியே கூட்டி வந்து காட்டி, கையை விரித்தேன். மூன்றாவது மாதத்தில் விளங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் கடப்படியில் நின்று அழவில்லை. எங்கள் ஊரில் எல்லோரும் வானத்தைப் பார்ப்பது நோன்புக்கும் பெருநாளுக்கும் பிறை பிறந்துவிட்டதா என்று. அவள் ஒருத்திதான் அந்தப் பிறை பெருத்து வட்டமாவதற்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளோடு சேர்ந்து நானும் கணக்குப் பழகினேன். மகளுடைய வாப்பா வருவதற்கு இன்னும் பதினேழு போயா. பதினாறு. பதினைந்து.

ஒவ்வொரு மாதமும் கூடம் வேறு மாதிரி இருக்கும். ஒருமுறை மாட்டு எலும்பும் மீன் முள்ளும் கோழிச் செட்டையும். ஒருமுறை வாய்க்கால் தண்ணீரும் குழாயும், அன்று எல்லோரும் நனைந்தோம். ஒருமுறை பழுதான கடிகாரங்களும் தையல் மெசினும், கழற்றிப் போட்டதைத் திரும்பப் பூட்ட யாருக்கும் தெரியவில்லை. இருட்டு மாதம் ஒன்று வந்தது. ஜன்னல்களையெல்லாம் சாக்கால் அடைத்து, ஒரேயொரு துளை விட்டு, எதிரே வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். கண் பழகியதும் துணியில் வீதி தெரிந்தது, தலைகீழாக. தென்னைகள் மேலிருந்து கீழே தொங்கின. சைக்கிளில் பாண் ரொட்டிப் பெட்டி கட்டிய ஒருவர் தலைகீழாக வந்து, தலைகீழாக இறங்கி, வியர்வை துடைத்தார். என் மகள் சிரித்தாள்.

அவள் சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்குத் தன் குரல் தெரியாது. சிரித்தால் தொண்டையிலிருந்து ஒரு கனத்த சத்தம் வரும், கேட்டவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கடைத்தெருவில், கலியாண வீடுகளில், பஸ்ஸில், அந்தச் சத்தம் வருவதற்கு முன்பே நான் அவள் தொடையில் கிள்ளிவிடுவேன். இதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த இருட்டில் என் கை எழும்பிவிட்டது. ஆனால் எனக்கு இந்தப் பக்கம் ரேடியோக்காரர் அவளைவிடப் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். யாருடைய சிரிப்பு எது என்று தெரியவில்லை. கையை இறக்கிவிட்டேன்.

அன்று வெளிக்கிடும்போது டீச்சர், "அடுத்த மாசம் சத்தம்" என்றார்.

"அப்ப நாங்க வரல்ல டீச்சர். அதுக்கடுத்த மாசம் வாறம்."

"ஏன்?"

"அவளுக்கு அதில என்ன இரிக்கி? மத்தப் புள்ளைகள் கேட்டுச் சிரிப்பாங்க. அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கணும். என்னால ஏலா டீச்சர்."

டீச்சர் கையிலிருந்த சாக்கை மடித்தார். "அவவுக்கு என்ன இரிக்கி எண்டு எனக்கும் தெரியா. நான் காது கேளாத ஆக்களோட பழகினதில்ல. கூட்டிட்டு வாங்க, பாப்பம். சரிவராட்டி நான் எல்லாத்தையும் மூடிப்போட்டு வேற ஒண்டு செய்யிறன்."

"ஒரு புள்ளைக்காகவா?"

"ஓம்."

அப்படியும் நான் போகாமல் இருக்கத்தான் நினைத்தேன். ஆனால் நிலவை யார் மறைப்பது? பதினான்காம் நாளே அவள் சட்டையை எடுத்துக் கட்டிலில் விரித்து வைத்துவிட்டாள்.

கூடத்துக்குள் நுழையும்போதே இரைச்சல். தகர டின்களில் நூல் கட்டி ஒருவர் காதில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். போத்தல்களில் தண்ணீர் ஊற்றித் தட்டிக்கொண்டிருந்தார்கள். என் மகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, எதையும் தொடாமல், ஒரு மேசைக்கு முன்னால் நின்றாள். அங்கே ரேடியோக்காரர் ஒரு பெரிய ஸ்பீக்கரைப் பெட்டியிலிருந்து கழற்றி வாயை மேலே பார்க்க வைத்து, அதில் ஒரு பிடி அரிசி போட்டிருந்தார். ரேடியோவைத் திருகியதும் அரிசி குதித்தது. அவள் கையை அதன்மேல் வைத்தாள். எடுத்தாள். திரும்ப வைத்தாள்.

டீச்சர் ஒரு பலூனை ஊதிக் கட்டி அவளுடைய இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் கொடுத்து, ஸ்பீக்கருக்கு நேரே பிடிக்க வைத்தார். ரேடியோவில் யாரோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். மகள் அசையாமல் நின்றாள். பலூனைப் பார்த்தாள். ரேடியோவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ரேடியோக்காரர் சத்தத்தை நிறுத்தினார், அவள் முகம் மாறியது. திரும்ப விட்டார், மாறியது. பத்துத் தடவையாவது செய்திருப்பார். பிறகு அவள் வந்து என் கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பலூனில் வைத்தாள். 'உனக்குத் தெரியுமா இது?' என்பதுபோல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் ஒரு குருவியைப் பொத்திப் பிடித்தால் எப்படித் துடிக்குமோ அப்படித் துடித்தது. இருபத்தேழு வருசமாகக் காது கேட்கிற எனக்கு அது தெரியாது.

மூன்று வாரம் கழித்து சவூதியிலிருந்து ஒரு கசெட் வந்தது. வழக்கம்போல் பாய் விரித்தோம். கசெட் ரேடியோவைக் கொண்டுவந்து வைத்ததும் மகள் எழும்பி ஓடினாள். அலுமாரிக்குள் வைத்திருந்த பலூன் சுருங்கிப் போயிருந்தது. அதைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். புதிதாக ஒன்று ஊதிக் கொடுத்தேன்.

"இப்ப என்ன விளையாட்டு? ஒரு பக்கத்தில இரிக்கச் செல்லு" என்றார் உம்மா.

"அவ பாட்டுக்கு இரிக்கட்டும் உம்மா."

உம்மாவுக்கு சலாம் வந்தது. தம்பிமாருக்குப் புத்தி வந்தது. எனக்கு என் மூன்று சொல் வந்தது. அவள் பலூனைப் பெட்டியில் முட்ட வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "மகள், வாப்பா கதைக்கன் மகள். கேக்குதா?" என்றார் அவர்.

நான் கசெட்டை நிறுத்தினேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த அவர் படத்தைக் காட்டினேன். படத்தில் அவர் வாயைத் தொட்டுக் காட்டினேன். பெட்டியைக் காட்டினேன். கசெட்டை விட்டேன். நிறுத்தினேன். திரும்ப வாயைத் தொட்டேன். விட்டேன். அவள் எழும்பிப் படத்துக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். திரும்பி வந்து, பலூனை வைத்துவிட்டு, கன்னத்தைப் பெட்டியில் ஒட்டிக்கொண்டாள். ஒட்டகக் கதை, பூனைக் கதை எல்லாம் முடியும்வரை அப்படியே கிடந்தாள். என் தம்பி ஒருவன் எழும்பி வெளியே போய்விட்டான்.

அவள் என்ன விளங்கிக்கொண்டாள் என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு தினமும் என்னைப் பெட்டியிடம் கூட்டிப் போய்ப் படத்தைக் காட்டுவாள். நானும் போட்டுவிடுவேன். மத்தியானங்களில் நான் தனியாகக் கேட்ட கசெட்டை இருவரும் சேர்ந்து கேட்கத் தொடங்கினோம். நான் காதால், அவள் கன்னத்தால்.

பதில் கசெட் பதிவு செய்யும்போதெல்லாம் அவளை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுவது என் வழக்கம். அவள் சத்தம் அதில் விழுந்துவிடக் கூடாது, அவருக்கு மனம் நோகும் என்று. இந்த முறை அனுப்பவில்லை. நடந்ததைச் சொன்னேன், பலூனைப் பற்றிச் சொன்னேன். அவள் பெட்டிக்குக் கிட்ட வந்து வாயை வைத்துக் கத்தினாள். சொல் ஒன்றும் இல்லை. வெறும் சத்தம். நான் நிறுத்தவில்லை. கசெட்டின் அந்தப் பக்கம் முடியும்வரை கத்தினாள். அப்படியே அனுப்பினேன்.

அடுத்த கசெட்டில் அவர் யாருக்கும் சலாம் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பெட்டியை விரலால் தட்டினார். டொக், டொக், டொக். நிறுத்தினார். தட்டினார். வேகமாக, மெதுவாக, விட்டு விட்டு, மகளுக்கென்று தட்டிக்கொண்டே இருந்தார். அவள் கன்னத்தை ஒட்டிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். கடைசியில்தான் பேசினார், எனக்கு.

"புள்ள, அவட சத்தத்த நான் ஒரு நாளைக்கு நாலு தரம் கேக்கன். றூமில இரிக்கிற ஆக்களும் கேட்டுட்டு, யார் இது எண்டாங்க. என்ட மகள் எண்டன்."

அடுத்த போயாவில் இதை டீச்சரிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, அலுமாரிப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே அடுக்கியிருந்த போத்தல்களைத் திரும்ப அடுக்கிக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று மாதம்தான் கூடம் நடந்தது. ஒரு சித்திரையில் எங்கள் பக்கத்துத் தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கு இடையே கலவரம் மூண்டது. சாய்ந்தமருதிலிருந்து கல்முனைக்குப் போகிற வழியே பயமாகிவிட்டது. வீடு எரிந்தவர்கள் பள்ளிக்கூடங்களில் வந்து தங்கினார்கள். அந்த மாதமும் நிலவு வட்டமானது. மகள் சட்டை போட்டுக்கொண்டு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். நான் கையை விரித்தேன். அவள் வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய் நிலவு வருகிற திசையைக் காட்டினாள். வட்டம் போட்டாள். நான் சொல்லித் தந்த சைகைதான். எங்கள் ஒழுங்கை வீதியைச் சேரும் முனைவரை கூட்டிப் போய், பூட்டிக் கிடந்த கடைகளைக் காட்டித் திரும்பக் கூட்டி வந்தேன். அவள் இரண்டு கையாலும் என் வயிற்றில் அடித்தாள். கலவரம் என்பதற்கு எங்களிடம் சைகை இருக்கவில்லை. நான் பொய் சொல்லுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

ஊர் கொஞ்சம் அமைதியான பிறகு ஒரு நாள் கல்முனைத் தபால் கந்தோர் வாசலில் டீச்சரைக் கண்டேன். மெலிந்திருந்தார். யார் வீட்டில் யார் செத்தது என்று கேட்டுவிடுவோமோ என்று இருவருக்கும் பயம் இருந்திருக்க வேண்டும்.

"கூடத்துச் சாமானெல்லாம், டீச்சர்?" என்று கேட்டேன்.

"அங்க சனம் வந்து இருந்ததே, சமைக்க இடம் வேணுமே. எல்லாத்தையும் வெளியில எடுத்து வெச்சன். கொஞ்சம் மழையில போய்ட்டு." பிறகு சொன்னார்: "எனக்கு வேற ஊருக்கு மாற்றம் வந்திருக்கு. அடுத்த மாசம் போறன்."

"எப்ப திரும்பி வருவீங்க?"

அவர் கைப்பையைத் திறந்து ஒரு கடுதாசியை எடுத்தார். மடித்த இடமெல்லாம் கிழிந்துபோயிருந்தது. "காது கேளாத பிள்ளைகளுக்கெண்டு மேற்குக் கரையில ஒரு பள்ளிக்கூடம் இரிக்கி. அங்கேயே தங்கிப் படிக்கலாம். இது விலாசம். எத்தனை மாசமா பையில வெச்சிட்டுத் திரியிறன், உங்களக் காணல்ல."

"அவ்வளவு தூரத்திலயா? எனக்கு இரிக்கிறது அவ ஒருத்திதான் டீச்சர்."

"தெரியும்" என்றார். என் தோளைத் தொட்டார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவரை நான் காணவே இல்லை. பாண்டிருப்புப் பக்கம் யாரைக் கண்டாலும் விசாரிப்பேன். வன்னியில் படிப்பிக்கிறார் என்றார்கள், வெளிநாடு போய்விட்டார் என்றார்கள். ஒன்றும் உறுதியில்லை. என் வயதுக்காரி ஒருத்தியை, தோழி என்று ஒருநாளும் அழைக்காத ஒருத்தியை, இத்தனை வருசம் தேடுவேன் என்று அன்று தெரிந்திருந்தால் பஸ்ஸை மறித்திருப்பேன்.

அந்த வருசக் கடைசியில் என் கணவர் லீவில் வந்தார். மகள் இரண்டு நாள் கிட்டப் போகவில்லை. படத்திலிருந்த ஆள் இவ்வளவு பெரிதாக, வியர்வை மணத்தோடு வீட்டுக்குள் நடமாடுவது அவளுக்குப் பயமாக இருந்தது. அவர் அவளைக் கூப்பிடவில்லை, பிடிக்கவும் இல்லை. மூன்றாம் நாள் அவர் பாயில் படுத்துக்கொண்டு என்னோடு பேசிக்கொண்டிருந்தபோது, மெதுவாக வந்து அவர் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். அவர் பேச்சை நிறுத்தினார். அவள் முகம் சுருங்கியது. "பேசுங்க, நிப்பாட்டாம பேசுங்க" என்றேன் நான். அவர் என்ன பேசுவது என்று தெரியாமல் சவூதியில் தான் லொறி ஓட்டுகிற வீதிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார்.

கடுதாசியைக் காட்டியபோது அவர் ஒரேயடியாக மறுத்தார். "நான் இப்பதான் என்ட புள்ளயக் கண்டிரிக்கன். அதுக்குள்ள அனுப்பச் செல்றயா?"

"நீங்க போனதுக்குப் பிறகு அவ திரும்பவும் நிலவப் பாத்துக்கிட்டுத்தான் நிக்கப் போறா. அந்தக் கூடம் இனித் திறக்காது."

ஒரு வாரம் கழித்துச் சம்மதித்தார். அனுப்பவே மனமில்லாத நான்தான் அனுப்பச் சொல்லி வாதாடினேன். அதை நினைத்தால் இன்னும் எனக்கே விளங்குவதில்லை.

பஸ்ஸிலும் ரயிலிலும் ஒரு பகலும் ஓர் இரவும் போய்ச் சேர்ந்தோம். முற்றத்தில் முப்பது நாற்பது பிள்ளைகள் நின்றார்கள். வாய் எதுவும் பேசவில்லை, கைகள் எல்லாம் பேசிக்கொண்டிருந்தன. சண்டை பிடித்தார்கள், கோள் சொன்னார்கள், பகிடி விட்டார்கள், எல்லாம் கையால். என் மகள் என் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி வாய் பிளந்து பார்த்தாள். ஒரு சிறுமி வந்து ஏதோ கேட்டாள். இவளுக்கு விளங்கவில்லை. அவள் இன்னொரு தரம் கேட்டாள். இவள் சேலையை விட்டாள். இரண்டு கையையும் தூக்கி அவள் செய்ததைப் போலவே செய்து பார்த்தாள். அந்தச் சிறுமி இவள் கையைப் பிடித்துக்கொண்டு கட்டடத்துக்குள் கூட்டிப் போனாள். இவள் திரும்பிப் பார்க்கவில்லை. மற்றத் தாய்மார் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடலாம். எனக்கு அந்த வழியும் இல்லை. தூணடியில் நின்று அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் வந்து "போவம் புள்ள" என்று சொல்லும்வரை.

அவள் அங்கே எழுதப் படித்தாள், வாசிக்கப் படித்தாள், கையால் பேசப் படித்தாள். பள்ளித் தவணை முடிந்து லீவுக்கு வருவாள். ஒவ்வொரு தடவையும் எனக்குத் தெரியாத நூறு சைகைகளோடு வருவாள். நான் கற்றுக்கொள்வதற்குள் லீவு முடிந்துவிடும். வளர்ந்து, அந்தப் பக்கத்திலேயே பல் கட்டுகிற ஓரிடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சாந்தில் அச்செடுத்து, பல்லைச் செதுக்கி, நிறம் பார்த்துத் தேய்க்கிற வேலை. அவள் கை சுத்தம் என்று ஊரூராக வைத்தியர்கள் அவளிடமே அனுப்புகிறார்களாம். கூடப் படித்த ஒருவரைக் கலியாணம் முடித்தாள். இரண்டு பிள்ளைகள், இருவருக்கும் காது கேட்கும். இருவரும் கையாலும் பேசுவார்கள், வாயாலும் பேசுவார்கள். பேரன்தான் எனக்குப் பாதியை மொழிபெயர்த்துச் சொல்லுவான். அவன் சொல்லாமல் விடுகிற மிச்சம் என்னவென்று நான் யோசித்துக்கொண்டிருப்பேன்.

சில வருசங்களுக்கு முன் அவள் பெருநாளுக்கு வந்திருந்தபோது, அந்தக் கூடம் ஞாபகம் இருக்கிறதா என்று கடுதாசியில் எழுதிக் கேட்டேன். ஓம் என்று தலையாட்டினாள். என்ன ஞாபகம் என்று எழுதினேன். பேனையை வாங்கி, கொஞ்ச நேரம் யோசித்து எழுதினாள்: 'டீச்சர் சேலை நனைந்தது. நானும் நனைந்தேன். உம்மாவும்.' எழுதிவிட்டு, அந்தப் பொம்பளை எங்கே என்று கையால் கேட்டாள். தெரியாது என்று கையை விரித்தேன்.

லீவு முடிந்து அவர்கள் போகும்போது பஸ் தரிப்பிடம்வரை நானும் போவேன். ஜன்னலோர இருக்கை கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாள். ஏறி இருந்ததும் கண்ணாடிக்குப் பின்னால் கைகள் தொடங்கிவிடும். மருந்து குடிக்கச் சொல்லுகிறாள், கிணற்றடி வழுக்குகிறது என்கிறாள், மற்றதெல்லாம் எனக்குத் தெரியாத சைகைகள். பஸ் புறப்படும். திருப்பத்தில் மறையும்வரை பேசிக்கொண்டே போவாள். பாதிக்கு மேல் எனக்கு விளங்காது. நான் வெயிலில் நின்று, ஓம், ஓம் என்று தலையாட்டிக்கொண்டிருப்பேன்.